வட்டியைத் தொடாத வாரியம்: ரிசர்வ் வங்கியின் மத்திய வாரியம் செய்வது என்ன?

ரிசர்வ் வங்கியின் மத்திய இயக்குநர் வாரியம் கூடுகிறது என்று ஒரு வரிச் செய்தி வந்தால் போதும், வீட்டுக்கடன் தவணை குறையுமா, வைப்புத்தொகை வட்டி ஏறுமா என்ற பேச்சு தொலைக்காட்சிகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் தொடங்கிவிடுகிறது. மாலையில் வங்கி வெளியிடும் அறிக்கையில் ரெப்போ விகிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை. உலக, உள்நாட்டுப் பொருளாதார நிலவரத்தை வாரியம் ஆய்வு செய்தது, மத்திய அலுவலகத் துறைகள் சிலவற்றின் பணிகளையும் வட்டார வாரியங்களின் பணிகளையும் விவாதித்தது, இன்ன வரைவு அறிக்கையைப் பரிசீலித்தது, இன்னார் கலந்துகொண்டனர் என்று சில வரிகளில் அது முடிந்துவிடும். படிப்பவர்களில் சிலர் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறார்கள். மற்றவர்கள் வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இரண்டுமே பொருந்தாது. அந்த வாரியத்துக்கு வட்டியை மாற்றும் அதிகாரமே இல்லை. அதனால் மறைக்கவும் ஒன்றுமில்லை. ஆனால் சடங்கு போலத் தோன்றும் அதே கூட்டங்களில்தான் மத்திய அரசின் கணக்கில் லட்சம் கோடிக் கணக்கான ரூபாய் சேருவதும், ஒரு குறிப்பிட்ட மதிப்பு நோட்டு சட்டப்படி செல்லுமா என்ற பரிந்துரையும் முடிவாகின்றன. அது எப்படி நடக்கிறது என்பதைப் புதிதாகப் படிப்பவருக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கலாம்.

வட்டியைத் தீர்மானிப்பது யார்?

வங்கிகள் குறுகிய காலத்துக்குப் பணம் தேவைப்படும்போது அரசுப் பத்திரங்களை ஈடாக வைத்து ரிசர்வ் வங்கியிடம் கடன் வாங்கும் வட்டி விகிதத்துக்கு ரெப்போ விகிதம் என்று பெயர். செய்திகளில் 'ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தது' என்று வருவது பெரும்பாலும் இதைத்தான் குறிக்கிறது. இதைத் தீர்மானிப்பது பணக் கொள்கைக் குழு என்ற தனி அமைப்பு. 2016-இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் உருவான இக்குழுவில் 6 பேர் இருக்கிறார்கள்: ஆளுநர், பணக் கொள்கையைக் கவனிக்கும் துணை ஆளுநர், வங்கியின் அலுவலர் ஒருவர், மத்திய அரசு நியமிக்கும் வெளி வல்லுநர்கள் 3 பேர். ஆளுக்கு ஒரு வாக்கு. சமமாகப் பிரிந்தால் ஆளுநருக்கு இன்னொரு வாக்கு. பணவீக்கத்தை 4 சதவீதத்தை ஒட்டி, மேலும் கீழும் 2 சதவீதம் என்ற வரம்புக்குள் வைத்திருப்பது இக்குழுவுக்கு விதிக்கப்பட்ட இலக்கு. அந்த இலக்கையும் குழு தானாக வகுத்துக்கொள்வதில்லை. ரிசர்வ் வங்கியைக் கலந்து மத்திய அரசு 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை வகுக்கிறது.

அப்படியானால் மத்திய வாரியத்துக்கும் வட்டிக்கும் தொடர்பே இல்லையா என்றால், ஒரு மெல்லிய இழை இருக்கிறது. அக்குழுவில் இடம்பெறும் வங்கி அலுவலர் யார் என்பதை மத்திய வாரியம்தான் நியமிக்கிறது. 2016 அக்டோபரில் குழு முதன்முறையாகக் கூடியபோது அந்த இடத்தில் இருந்தவர் அன்று செயல் இயக்குநராக இருந்த மைக்கேல் பாத்ரா. 2020-இல் அவர் துணை ஆளுநரானதும் பதவியின் பேரிலேயே குழுவில் இடம்பெற்றார். காலியான அலுவலர் இடத்துக்கு வாரியம் வேறொருவரை நியமிக்க வேண்டியிருந்தது. வட்டி விஷயத்தில் வாரியத்தின் கை நீளும் தூரம் அவ்வளவுதான்.

கோயில் அறங்காவலர் குழுவைப் போல

ஊர்க் கோயில் ஒன்றின் அறங்காவலர் குழுவை நினைத்துக்கொண்டால் இந்தப் பிரிவு எளிதில் பிடிபடும். எந்த வேளையில் எந்தப் பூசை, அபிஷேகம் எப்படி என்பவற்றை அறங்காவலர்கள் கூடி வாக்கெடுத்துத் தீர்மானிப்பதில்லை. அதற்கு ஆகமமும் அர்ச்சகரும் இருக்கிறார்கள். உண்டியல் கணக்கைச் சரிபார்ப்பது, கடை வாடகை, நிலக் குத்தகை, பணியாளர் விவகாரம், திருப்பணிக்கு எவ்வளவு ஒதுக்குவது, ஆண்டுக் கணக்கைத் தணிக்கைக்கு அனுப்புவது ஆகியவைதான் அவர்கள் மேசைக்கு வருபவை. பூசையைப் பார்க்க வருபவர்களின் கண்ணில் அறங்காவலர்கள் படுவதே இல்லை. ஆனால் கோயிலின் சொத்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் கோயிலிடம் இருக்குமா என்பது அவர்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது.

மத்திய வாரியமும் ஏறக்குறைய இப்படித்தான் இயங்குகிறது. ஆனால் ஒப்புமை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. கோயிலில் மிஞ்சும் பணம் கோயிலுக்கே உரியது. ரிசர்வ் வங்கியில் மிஞ்சும் பணம் சட்டப்படி மத்திய அரசுக்குப் போய்ச் சேர வேண்டும். வாரியத்தின் வேலை எளிய கணக்கு வழக்காக இல்லாமல் அடிக்கடி சர்ச்சைக்குள்ளாவதற்கு இந்த ஒரு வேறுபாடே பெரும்பாலும் காரணம்.

வாரியத்தில் யார் இருக்கிறார்கள்?

1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வங்கியின் பொது மேற்பார்வையையும் வழிநடத்தலையும் மத்திய இயக்குநர் வாரியத்திடம் ஒப்படைக்கிறது. 1935 ஏப்ரல் 1 அன்று வங்கி தொடங்கப்பட்டபோது அது தனியார் பங்குதாரர்களின் நிறுவனம்; பங்குதாரர்கள் தேர்ந்தெடுத்த இயக்குநர்களும் வாரியத்தில் இருந்தார்கள். 1949 ஜனவரி 1 அன்று அது நாட்டுடைமையாக்கப்பட்டது. அதன்பின் இயக்குநர்கள் அனைவரும் மத்திய அரசின் நியமனமே.

இன்றைய சட்டப்படி வாரியத்தில் ஆளுநர் ஒருவர், துணை ஆளுநர்கள் 4 பேர் வரை, மும்பை, கொல்கத்தா, சென்னை, புதுடெல்லி ஆகிய 4 வட்டார வாரியங்களிலிருந்து தலா ஒருவர், பல துறைகளிலிருந்து நியமிக்கப்படும் 10 பேர், அரசு அலுவலர்கள் 2 பேர் என்று அதிகபட்சமாக 21 பேர் இருக்கலாம். இது உச்ச எண்ணிக்கை. எல்லா இருக்கைகளும் எப்போதும் நிரம்பியிருக்கும் என்பதில்லை. தொழிலதிபர்கள், பொருளியலாளர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் போன்றோர் இயக்குநர்களாக வருவது வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து 'துக்ளக்' ஆசிரியர் எஸ். குருமூர்த்தியும், டி.வி.எஸ். குழுமத்தின் வேணு சீனிவாசனும் அண்மைக் காலத்தில் இவ்வாறு நியமிக்கப்பட்டவர்கள். வங்கியொன்றின் ஊழியரோ வணிக வங்கியின் இயக்குநரோ இந்த வாரியத்தில் இருக்க முடியாது. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களும் அப்பதவியைத் துறக்காமல் இயக்குநராகத் தொடர முடியாது.

செய்திகளில் அதிகம் குழப்பப்படும் விஷயம் வாக்குரிமை. நிதியமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறைச் செயலரும் நிதிச் சேவைகள் துறைச் செயலரும் வாரியக் கூட்டங்களில் உட்காருகிறார்கள், பேசுகிறார்கள். ஆனால் அவர்களுக்கு வாக்கு இல்லை. துணை ஆளுநர்களுக்கும் அதே நிலைதான், ஆளுநர் வர இயலாதபோது அவர் எழுத்து மூலம் அதிகாரமளிக்கும் ஒருவரைத் தவிர. எனவே வாக்கெடுப்பு என்று ஒன்று நடந்தால், ஆளுநரைத் தவிர மற்ற வாக்குகள் எல்லாம் வெளியிலிருந்து வந்த இயக்குநர்களுடையவை. பெரும்பாலான முடிவுகள் பேசி இசைந்தே எட்டப்படுகின்றன என்பதால் இந்த விதி வெளியே தெரிவதில்லை. கருத்து மோதல் வரும்போதுதான் அதன் கனம் புலப்படுகிறது. 2018 நவம்பர் 19 அன்று நடந்த கூட்டம் ஏறக்குறைய 9 மணி நேரம் நீண்டது. வங்கியின் காப்பு நிதி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் அரசுக்கும் வங்கிக்கும் இடையே இருந்த பிணக்கு அன்று மேசைக்கு வந்தது. அதன் முடிவு என்ன ஆயிற்று என்பதைக் கீழே பார்ப்போம்.

வாரியம் ஆண்டுக்கு 6 முறையாவது, காலாண்டுக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். கூட்டத்தைக் கூட்டுவது ஆளுநர்; இயக்குநர்கள் 4 பேர் சேர்ந்து கேட்டாலும் அவர் கூட்டியாக வேண்டும். கூட்டம் எப்போதும் மும்பையில் நடப்பதில்லை, பல நகரங்களுக்கும் போகும். மத்திய நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு வரும் கூட்டத்தில் நிதியமைச்சர் புதுடெல்லியில் வாரியத்தினரிடம் உரையாற்றுவது நெடுநாள் மரபு. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு 'நிதியமைச்சர் வட்டியைக் குறைக்கச் சொன்னார்' என்று எழுதுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: வட்டி என்பது 6 பேர் கொண்ட பணக் கொள்கைக் குழுவின் வேலை. நிர்வாகம், கணக்கு, விதிமுறை ஆகியவை 21 பேர் வரை கொண்ட மத்திய வாரியத்தின் வேலை. இரண்டுக்கும் தலைவர் ஒரே ஆளுநர் என்பதுதான் குழப்பத்தின் ஊற்று.

வாரந்தோறும் ஒரு கையெழுத்து

ஆண்டுக்கு ஆறேழு முறை கூடும் ஒரு வாரியம் தினசரி அலுவலை எப்படி நடத்தும்? நடத்துவதில்லை. அதே 7-ஆம் பிரிவு, வாரியத்துக்கு உள்ள மேற்பார்வை அதிகாரத்தை ஆளுநருக்கும் தருகிறது. வாரியம் வகுத்த விதிகளுக்கு உட்பட்டு வங்கியின் பெயரால் எதையும் செய்ய அவரால் முடியும். ஒரு வங்கிக்கு அபராதம் விதிப்பது, சுற்றறிக்கை வெளியிடுவது, சந்தையில் டாலர் வாங்குவது, விற்பது எல்லாம் ஆளுநர், துணை ஆளுநர்கள், துறைகள் என்ற வரிசையில் நடப்பவை. கூட்டுறவு வங்கி ஒன்றின் உரிமம் ரத்தானதும் 'ரிசர்வ் வங்கி வாரியம் அதிரடி' என்று தலைப்பு வைப்பது தவறு.

வாரியத்தின் சார்பில் இடைவிடாமல் இயங்குவது மத்திய வாரியக் குழு என்ற சிறு குழு. வாரந்தோறும் இது கூடுகிறது. இப்போது பெரும்பாலும் மின்வழியாக. வங்கியின் வாராந்தரக் கணக்கை ஏற்பது இதன் வாடிக்கையான பணி. ஒரு பக்கத்தில் புழக்கத்தில் உள்ள நோட்டுகளின் மதிப்பு, மத்திய, மாநில அரசுகளும் வணிக வங்கிகளும் ரிசர்வ் வங்கியில் வைத்திருக்கும் இருப்பு ஆகியவை வரும். இன்னொரு பக்கத்தில் தங்கம், அந்நியச் செலாவணிச் சொத்துகள், அரசுப் பத்திரங்கள், கொடுத்த கடன்கள் வரும். முதல் பக்கம் வங்கி பிறருக்குத் தர வேண்டிய பொறுப்பு, மறுபக்கம் வங்கியிடம் உள்ள சொத்து. நம் சட்டைப்பையில் இருக்கும் 500 ரூபாய் நோட்டும் அந்தப் பொறுப்புப் பக்கத்தில் ஒரு துளியாக எழுதப்பட்டிருக்கிறது. 'அந்நியச் செலாவணிக் கையிருப்பு இவ்வளவு உயர்ந்தது' என்று வாரக் கடைசியில் வரும் செய்தியும் இந்தக் கணக்கும் இடம்பெறும், வெள்ளிக்கிழமை வெளியாகும் வாராந்தரப் புள்ளிவிவர இணைப்பிலிருந்து எடுக்கப்படுவதுதான்.

இந்தக் கணக்கைத் தயாரித்து மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டத்தின் 53-ஆம் பிரிவு. ஏன் இத்தனை கெடுபிடி? நோட்டு அடிக்கும் உரிமை பெற்ற நிறுவனம் அதற்கு ஈடாக என்ன சொத்து வைத்திருக்கிறது என்பதை நீண்ட நாள் மறைத்து வைக்க முடியாதபடி செய்வதே அதன் நோக்கம். இன்று நோட்டு வெளியீட்டுக்கு ஈடாகத் தங்கமும் அந்நியப் பத்திரங்களும் சேர்ந்து 200 கோடி ரூபாய்க்குக் குறையக் கூடாது, அதில் தங்கம் 115 கோடிக்குக் குறையக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. 1950-களில் வைக்கப்பட்ட இந்த வரம்பு, பல லட்சம் கோடி ரூபாய் நோட்டுகள் புழங்கும் இன்றைய நிலையில் பெயரளவுக்குத்தான். ஆனால் வாரக் கணக்கு பெயரளவுக்கு அன்று. அதில் வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் பத்திரச் சந்தையினர் கூர்ந்து பார்க்கிறார்கள்.

இவை தவிர, கணக்குத் தணிக்கை, இடர் மேலாண்மை, மனித வளம், கட்டடங்கள், தகவல் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்குத் துணைக்குழுக்கள் உண்டு. பணியாளர் விதிகளும் அலுவலகக் கட்டடச் செலவும் இவற்றில் அலசப்படுகின்றன. வங்கிகளைக் கண்காணிப்பதற்கென 1994-இல் அமைக்கப்பட்ட நிதிக் கண்காணிப்பு வாரியமும் மத்திய வாரியத்தின் ஒரு குழுதான்; அதன் இயக்குநர்கள் மத்திய வாரியத்திலிருந்தே எடுக்கப்படுகிறார்கள்.

மே மாதத்தில் வரும் பெரிய முடிவு

வாடிக்கை முடிவுகளில் அதிகம் பேசப்படுவதும் அதிகம் தவறாகப் பேசப்படுவதும் உபரிப் பணம். 'அரசு ரிசர்வ் வங்கியின் கஜானாவைத் துடைத்துவிட்டது' என்று ஒரு தரப்பும், 'அரசுக்கு ரிசர்வ் வங்கி பரிசு' என்று மறுதரப்பும் ஒவ்வோர் ஆண்டும் சொல்கின்றன. நடப்பது பரிசும் இல்லை, கொள்ளையும் இல்லை, ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் ஒரே ஓர் எண்ணை மட்டும் வாரியம் தேர்ந்தெடுக்கிறது.

ரிசர்வ் வங்கிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? வெளிநாட்டுப் பத்திரங்கள், இந்திய அரசுப் பத்திரங்கள் ஆகியவற்றின் வட்டியிலிருந்தும், டாலரை வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்கும்போது கிடைக்கும் லாபத்திலிருந்தும் வருகிறது. செலவு என்பது நோட்டு அச்சடிப்பது, ஊழியர் ஊதியம், அரசுப் பணிகளைச் செய்யும் வங்கிகளுக்குத் தரும் தரகு முதலியவை. வருமானத்தில் செலவு போக மிஞ்சுவதில், எதிர்பாராத நட்டங்களைத் தாங்குவதற்கென ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை மத்திய அரசுக்குத் தர வேண்டும் என்கிறது 47-ஆம் பிரிவு. இந்த எஞ்சிய தொகைக்கு உபரி என்று பெயர். வங்கியின் பங்கு மூலதனம் 1935 முதல் இன்றுவரை வெறும் 5 கோடி ரூபாய்தான் என்பதால், அதிர்ச்சியைத் தாங்குவது மூலதனம் இல்லை, இந்த ஒதுக்கீடுகள்தான்.

ஒதுக்கீடு எவ்வளவு இருக்க வேண்டும்? இதுதான் 2018-இல் எழுந்த சண்டை. அந்த நவம்பர்க் கூட்டம் இதற்கென வல்லுநர் குழு ஒன்றை அமைக்க முடிவு செய்தது. அடுத்த மாதமே, டிசம்பர் 10 அன்று, ஆளுநர் உர்ஜித் படேல் பதவி விலகினார். சொந்தக் காரணங்கள் என்றார். முன்னாள் ஆளுநர் பிமல் ஜலான் தலைமையில் அமைந்த குழு, வங்கியின் இருப்புநிலைக் குறிப்பின் மொத்த அளவில் 5.5 முதல் 6.5 சதவீதம் வரை இடர்காப்பாக இருக்க வேண்டும் என்று 2019 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. இருப்புநிலைக் குறிப்பு என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் வங்கியின் மொத்தச் சொத்தையும் பொறுப்பையும் எதிரெதிரே காட்டும் கணக்கு. இடர்காப்பு என்பது பண நெருக்கடி, வங்கித் துறை நெருக்கடி போன்ற அபாயங்களுக்கெனப் பிடித்து வைக்கப்படும் பகுதி. அந்த வரம்புக்குள் எந்தப் புள்ளியில் நிற்பது என்பதை ஆண்டுதோறும் மத்திய வாரியம் தீர்மானிக்கும்.

2019 ஆகஸ்ட் 26 அன்று வாரியம் வரம்பின் அடிமட்டமான 5.5 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தது. அதனால் அவ்வாண்டின் வழக்கமான உபரியான 1,23,414 கோடி ரூபாயுடன், மிகையாக ஒதுக்கி வைத்திருந்த 52,637 கோடி ரூபாயும் சேர்ந்து, 1,76,051 கோடி ரூபாய் அரசுக்குப் போனது. அரை சதவீதம், ஒரு சதவீதம் என்பது எத்தனை பெரியது என்பதைப் பார்க்க இன்றைய கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். 2025 மார்ச் 31 அன்று வங்கியின் இருப்புநிலைக் குறிப்பு ஏறக்குறைய 76.25 லட்சம் கோடி ரூபாய். அதில் ஒரு சதவீதம் என்றால் ஏறக்குறைய 76,000 கோடி. வாரியம் ஓர் எண்ணை ஒரு படி ஏற்றுகிறதா இறக்குகிறதா என்பதில் இத்தனை பணம் வங்கியிடம் நிற்கிறது அல்லது தில்லிக்குப் போகிறது. ஒரு வட்டி முடிவுக்குக் குறையாத கனமுள்ள முடிவு இது என்பது என் கருத்து. ஆனால் வட்டி முடிவைப் போல இதற்கு நேரலை ஒளிபரப்பு இல்லை.

பிற்கால எண்களைப் பார்த்தால் இன்னொரு தவறான எண்ணமும் கலைகிறது. 2021-22 கணக்குக்கு உபரி 30,307 கோடி, இடர்காப்பு 5.5 சதவீதம். 2022-23-க்கு 87,416 கோடி, 6 சதவீதம். 2023-24-க்கு 2,10,874 கோடி, 6.5 சதவீதம். 2025 மே 15 அன்று வாரியம் வரம்பையே 4.5 முதல் 7.5 சதவீதம் என்று விரித்தது. 8 நாள் கழித்துக் கூடியபோது அதன் உச்சியான 7.5 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்து, 2,68,590 கோடி ரூபாயை அரசுக்கு அனுப்ப ஒப்புதல் அளித்தது. உபரியும் ஏறியிருக்கிறது, காப்பும் ஏறியிருக்கிறது. உபரி பெருத்தால் காப்பு கரைந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்ட முடியாது. வெளிநாட்டு வட்டி உயர்ந்து, டாலர் விற்பனையில் லாபம் கொழித்த ஆண்டுகளில் இரண்டும் சேர்ந்தே ஏறும். வருமானம் சுருங்கும் ஆண்டு ஒன்று வரும்போதுதான் வாரியம் எந்த எண்ணைப் பிடிக்கிறது என்பது உண்மையான சோதனையாகும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு துணைச் செய்தி: இந்த உபரி மத்திய அரசின் வரியல்லாத வருவாயில் சேருகிறது. நிதிக்குழு மாநிலங்களுக்குப் பிரித்துத் தருவது வரி வருவாயின் ஒரு பகுதியை மட்டுமே என்பதால், இந்தத் தொகையிலிருந்து மாநிலங்களுக்கு நேரடிப் பங்கு கிடையாது.

சுருக்கமாக: சட்டம் உபரியை அரசுக்குத் தரச் சொல்கிறது, வல்லுநர் குழு சொன்ன வரம்பை 2025-இல் வாரியம் விரித்தது, அந்த வரம்புக்குள் ஆண்டுதோறும் எண்ணைத் தேர்வதும் வாரியம்தான்.

நோட்டு விஷயத்தில் வாரியம் பரிந்துரைப்பது

இதுவரை பார்த்தவை வாரியமே முடித்துவிடும் முடிவுகள். வேறொரு வகையும் உண்டு: வாரியம் பரிந்துரைக்க, மத்திய அரசு முடிவெடுப்பது. எந்த மதிப்பில் நோட்டு வெளியிடலாம் என்பதும், நோட்டின் வடிவமும் தாளும் எப்படி இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் 24, 25-ஆம் பிரிவுகளின்படி இந்த வழியில்தான் நடக்கின்றன. புதிய நோட்டு வரப்போகிறது, இன்னாரின் படம் மாறப்போகிறது என்று வதந்தி கிளம்பும்போதெல்லாம், வாரியத்தின் பரிந்துரை, அரசின் ஒப்புதல் என்ற இரண்டு படிகளை நினைத்துப் பார்த்தால் பாதி வதந்தி அங்கேயே நின்றுவிடும்.

26-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு இன்னும் கனமானது. மத்திய வாரியம் பரிந்துரைத்தால், எந்த மதிப்பு நோட்டின் எந்த வரிசையும் சட்டப்படி செல்லாது என்று மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கலாம். 2016 நவம்பர் 8 அன்று மாலை 5.30 மணிக்குப் புதுடெல்லியில் கூடிய வாரியம், 500, 1,000 ரூபாய் நோட்டுகளைப் பற்றிய பரிந்துரையை அளித்தது. அன்றிரவே பிரதமர் அதை நாட்டுக்கு அறிவித்தார். அரசு முந்தைய நாள் வங்கிக்குக் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்ட பிறகு வாரியம் பரிந்துரைப்பது, சட்டம் சொல்லும் பரிந்துரையாகுமா என்பது உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி. 2023 ஜனவரி 2 அன்று 5 நீதிபதிகளில் 4 பேர் நடைமுறை செல்லும் என்று தீர்ப்பளித்தார்கள், நீதிபதி பி.வி. நாகரத்னா மாறுபட்டு, முன்மொழிவு அரசிடமிருந்து வந்தபோது இந்தப் பிரிவு பொருந்தாது என்று எழுதினார். வாடிக்கை என்று நாம் கருதும் ஒரு வாரியத் தீர்மானம் இருந்ததா, எப்படி இருந்தது என்பதன் மேல் ஒரு நாட்டின் 86 சதவீத நோட்டு மதிப்பைப் பற்றிய வழக்கே நின்றது.

இதற்கு நேர்மாறான நிகழ்வு 2023 மே 19 அன்று நடந்தது. 2,000 ரூபாய் நோட்டுகளைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஆனால் அவை சட்டப்படி செல்லும் என்ற தகுதி நீக்கப்படவில்லை. தகுதி நீங்காததால் 26-ஆம் பிரிவின் அறிவிப்பு தேவைப்படவில்லை. 'மீண்டும் பணமதிப்பு நீக்கம்' என்று அன்று பரவிய செய்திகள் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டன. தற்செயலாக அதே நாளில்தான் மும்பையில் மத்திய வாரியமும் கூடியது. அதன் அறிக்கையில் 87,416 கோடி ரூபாய் உபரிக்கு ஒப்புதல் அளித்த செய்தி இருந்தது.

பிற நாடுகளில், பதிவேடுகளில்

நிர்வாகத்தையும் வட்டியையும் இரு வேறு அவைகளிடம் பிரித்துக் கொடுப்பது இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. இலங்கை மத்திய வங்கியில் நெடுங்காலம் நாணயச் சபை என்ற ஒரே சபை இரண்டையும் கவனித்தது. அரசின் கருவூலத்தைக் கவனிக்கும் திறைசேரிச் செயலாளரும் அதில் அமர்ந்திருந்தார். 2022-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நிறைவேறிய 2023-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், நிர்வாகத்துக்கு ஆளும் சபை என்றும் வட்டிக்கு நாணயக் கொள்கைச் சபை என்றும் பிரித்தது. திறைசேரிச் செயலாளருக்கு இருந்த இடத்தையும் நீக்கியது. ஐரோப்பிய மத்திய வங்கி வேறு வழியில் போகிறது. அதன் ஆட்சிக் குழு வட்டியையும் தீர்மானிக்கிறது, மற்ற நிர்வாக முடிவுகளையும் எடுக்கிறது. ஆனால் வட்டியல்லாத முடிவுகளைத் தனியே தொகுத்து அவ்வப்போது வெளியிடுகிறது. உறுப்பு நாடு ஒன்று அந்த ஆண்டில் எவ்வளவு யூரோ நாணயம் வெளியிடலாம் என்ற ஒப்புதல் வரை அந்தப் பட்டியலில் இருக்கும்.

இந்தியாவில் சட்டம் இவ்விரண்டு அவைகளையும் வெளிப்படைத்தன்மையில் வேறுவேறாக நடத்துகிறது. பணக் கொள்கைக் குழு கூடிய 14-ஆம் நாள், யார் எப்படி வாக்களித்தார், ஏன் வாக்களித்தார் என்ற உறுப்பினர் வாரியான குறிப்பு வெளியாக வேண்டும். மத்திய வாரியத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கூட்டம் முடிந்த அன்று வரும் அந்தச் சில வரி அறிக்கையும், ஆண்டறிக்கையில் இயக்குநர்கள், குழுக்கள், கூட்டங்களைப் பற்றி வரும் பக்கங்களும்தான் வழக்கமாக நமக்குக் கிடைப்பவை. 2016 நவம்பர் 8 கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகப் பொதுவெளிக்கு வந்தது 2019-இல்தான். கறுப்புப் பணத்தின் பெரும்பகுதி ரொக்கமாக இல்லை, தங்கமாகவும் நிலபுலன்களாகவும் இருக்கிறது, இந்த நடவடிக்கை அவற்றைப் பெரிதாகப் பாதிக்காது என்று வாரியத்தில் கருத்துச் சொல்லப்பட்டிருந்ததும், அதன் பின்பே பரிந்துரை அளிக்கப்பட்டதும், 2 ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகு அந்தக் குறிப்பில்தான் தெரியவந்தது.